தழும்பு வராத தோள்

ஊசியக்காவிடம் தடுப்பூசி போட்டுக்கொள்ளும் குழந்தை அழாது என்பார்கள். அழும், அவள் பஞ்சை ஒத்தி எடுப்பதற்குள் மறந்துவிடும். அப்படி ஒரு கை, அந்தக் கைக்கேற்ற தலைக்கனம். அந்தத் தலைக்கனம்தான் தம்பி குடியைக் கெடுத்தது.

தம்பி மகனுக்குப் பிறந்ததுமே இதயத்தில் ஆபரேஷன். நெஞ்சைத் திறந்த டாக்டர், இதயத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய தைமஸ் சுரப்பியையே காணோம் என்றார். வெள்ளணுக்களைக் கிருமியோடு சண்டை போடப் பழக்குகிற இடம் அது. குரோமோசோமில் ஒரு துண்டு விட்டுப்போயிருந்தால் அது உருவாகாமலே போகுமாம். "டெஸ்ட் ரிசல்ட் வர்றவரைக்கும் உயிருள்ள கிருமி இருக்கிற தடுப்பூசி கூடாது. முக்கியமா காசநோய் ஊசி" என்று சொல்லி அனுப்பினார்கள். தம்பி அதை வார்த்தை பிசகாமல் அக்காவிடம் ஒப்பித்தான்.

"டாக்டருங்கன்னா எதையாவது சொல்லிப் பயமுறுத்தத்தான்டா செய்வாங்க" என்றாள் அவள்.

ஒருநாள் வீடு வீடாக ஊசி போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் தம்பி வீட்டுக்குள் நுழைந்தாள். ஐஸ் பெட்டியில் காசநோய் மருந்து கொஞ்சம் மிச்சமிருந்தது. திறந்த குப்பியை அன்றைக்கே தூக்கிப் போட வேண்டும். மருந்து வீணானால் அவளுக்கு உயிரே போகும். தம்பி மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் போடுறேன், என் தம்பி பிள்ளைக்கு மட்டும் கிடையாதா? இடது தோளில் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த ஊசி போட்ட இடம் சில வாரத்தில் கொப்புளித்துச் சீழ் வைக்கும், பிறகு ஆறித் தழும்பாகும். பதறி ஓடிவரும் அம்மாக்களிடம், "உடம்பு சண்டை போடக் கத்துக்குதும்மா, நல்லதுதான்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! இவன் தோள் மட்டும் வழவழவென்று கிடந்தது. ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்து, சட்டையை விலக்கி விலக்கிப் பார்த்தாள். ஒரு சிவப்புப் பொட்டாவது வந்து தொலையக் கூடாதா? வரவில்லை. உள்ளே சண்டை போட ஆளே இல்லை என்று ரிசல்ட்டுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்தாளா, பாவி? இல்லை.

ரிசல்ட்டும் அதையே சொன்னது. பின்னாலேயே காய்ச்சல் வந்தது, இடது அக்குளில் கட்டி.

ஆஸ்பத்திரிக்கு அக்காவும் கூடப் போனாள். டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "காசநோய் ஊசி போட்டீங்களா?"

"சேச்சே! எங்க அக்காவுக்கு அதுதானே வேலையே. அவங்க இருக்கும்போது அப்படி நடக்க விடுவாங்களா?" என்றான் தம்பி.

"அப்ப வேற என்ன கிருமின்னு தேடணும். காய்ச்சல் அடங்கினாதான் தைமஸ் திசு வைக்கிற ஆபரேஷனப் பத்தி யோசிக்கவே முடியும். அதுவரைக்கும் தாங்கணுமே."

ஊசியக்கா டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றாள். சொன்னால் வேலை போகும், தம்பி உறவும் போகும். சொல்லாவிட்டால் பிள்ளையே போய்விடும்.

"நான்தான் போட்டேன்" என்றாள். "யாருக்கும் தெரியாம."

தம்பி அவளைப் பார்த்த பார்வை எதிரிக்குக்கூடக் கிடைக்கக் கூடாது. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனேக்கா!"

"இப்பவாவது சொன்னீங்களே" என்றார் டாக்டரம்மா. "அந்த ஊசிக் கிருமிக்கான மருந்த இன்னிக்கே ஆரம்பிக்கிறேன். பிழைப்பானான்னு என்னால சொல்ல முடியாது."

தம்பி மனைவி குழந்தையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினாள். "எனக்குத் தெரியும் அண்ணி. குளிச்சிட்டு வந்தப்பவே தோள்ல ரத்தப்பொட்டப் பார்த்தேன்."

தம்பி திரும்பினான். "பார்த்துட்டு ஏன்டி சொல்லல?"

"அண்ணி போட்டா நல்லதுக்குத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஊசியக்கா காலில் விழுந்து அழுதிருப்பாள், அதற்கும் வழியில்லாமல் போயிற்று.

நர்ஸ் முதல் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்தாள். தம்பி மனைவி பழக்க தோஷத்தில் சட்டென்று ஊசியக்கா பக்கம் திரும்பினாள்.

"போடலாம்தானே அண்ணி?"