சிறந்த நடிகருக்கான பொன்னாடை

இந்தக் காலத்துச் சனம் எதற்கெடுத்தாலும் கைதட்டுகிறது. ஒருவர் மேடை ஏறினால் கைதட்டு. இறங்கினால் கைதட்டு. மைக் செத்துக் கிடந்து, பிறகு கரகரவென்று உயிர் வந்தால் அதற்கும் கைதட்டு. ஒரு கையில் போனைப் பிடித்தபடி மற்றக் கையால் தொடையில் தட்டுகிறவர்களையும் அருமைநாதர் அன்றைக்குக் கண்டார். மத்தியானம் தொடங்கும் என்று அழைப்பிதழில் போட்ட விழாவுக்கு ஆறுதலாக வந்து, பிந்தி வந்த கூச்சம்கூட இல்லாமல் முன்வரிசையில் இடம் தேடினார்கள். அவர்களுக்கும் மேடையிலிருந்து கைதட்டி வரவேற்பு.

"உழைச்சுக் களைச்ச கையெண்டால் இப்பிடித் தட்டாது," என்றார், பக்கத்தில் இருந்த கிருபானந்தனிடம். கிருபானந்தன், இருவரும் வந்து குடியேறிய இந்தப் பனி நாட்டில், துறைமுகத்துக் களஞ்சியத்தில் அவரோடு பெட்டி இறக்கியவர். அன்றைக்குப் பியர்பொன்ட்ஸ் விழா மண்டபம் வரைக்கும் அவரைக் காரில் ஏற்றி வந்தவரும் அவர்தான்.

"அண்ணை, வந்த இடத்திலை வாயைப் பொத்திக்கொண்டு இருங்கோ. உங்கடை பிள்ளைக்கும் மருமோனுக்கும் எல்லே விருது."

அருமைநாதர் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். விருது, பட்டம், பொன்னாடை எதிலும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. உள்ளதைச் சொன்னால் எதிலுமே கிடையாது. வங்கிக்காரன், டொக்டர், கோயில் தலைவர், நாளைக்குப் பனி கொட்டும் என்று ரேடியோவில் சொல்கிறவன், எல்லாரும் அவருக்கு ஒன்றுதான். அதனால்தான், மகள் வதனி முதன்முதல் துஷாந்தனை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது "உவன்ரை சிரிப்புச் சரியில்லை" என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் விழுத்தவில்லை. எல்லாரையும் சந்தேகப்படுகிற மனுஷன் இவனையும் சந்தேகப்படுகிறார் என்று விட்டுவிட்டார்கள். கலியாணமும் முடிந்தது.

பத்திரிகை, இலக்கியம், நாடகம் என்று மூன்றுக்கும் வருஷா வருஷம் விருது கொடுக்கிற சங்கம் அது. வீடு வாங்கி விற்றுக் கொடுக்கிற இரவிச்சந்திரன் அதற்குத் தலைவர். போன வருஷங்களில் வதனி கூப்பிட்டபோதெல்லாம் அருமைநாதர் கால் நோ, கை நோ என்று சாட்டுச் சொல்லித் தப்பினார். இந்தமுறை அவள் விடவில்லை. "அப்பா, நீங்கள் கட்டாயம் வரவேணும். முன்னுக்கு இருக்கவேணும்," என்று போனில் சொன்னாள். ஏன் என்று கேட்டார். "வாங்கோவன்," என்றாள். அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. வந்துவிட்டார்.

முதலில் பத்திரிகைக்கான விருது. பேரின்பநாயகம் என்கிற மெல்லிய மனுஷனுக்கு 'அஞ்சாத பேனா' என்று பேர் வைத்த கண்ணாடிக் கேடயம். கடைகளில் சும்மா எடுத்துப்போக வைக்கிற மாதப் பத்திரிகை ஒன்றை நடத்துகிறவர். உண்மைக்காகத் தன் தலையே போனாலும் எழுதுவேன் என்றார். சனம் தட்டியது. பிறகு கவிதைக்கு ஒரு விருது. அதற்கும் தட்டியது. கடைசியில் நாடகம்.

சிறந்த நாடகம் வதனி எழுதியது. மனைவியைப் போட்டு அடிக்கிற ஒருவனின் கதை. மனைவியாக அவளே நடித்தாள். அடிக்கிறவனாகத் துஷாந்தன். சிறந்த நடிகர் விருதும் அவனுக்குத்தான். "வீட்டிலை இவ்வளவு பசுவான பிள்ளை, மேடையிலை இப்பிடி மிருகமா மாறுறது லேசான வேலையே?" என்று இரவிச்சந்திரன் நடுவர்களின் சார்பில் புளகாங்கிதப்பட்டார். விருதைக் கொடுக்குமுன் ஒரு காட்சியைத் திரும்ப நடித்துக் காட்டுவார்கள் என்று அறிவிப்பாளர் சர்மிளா சொன்னாள். அடிக்கிற பட்டி துணியில் தைத்தது, யாரும் பயப்படவேண்டாம் என்றும் சொன்னாள்.

விளக்கு அணைந்தது. மேடையில் ஒரு மேசை, ஒரு கதிரை. வதனி சாப்பாட்டுக் கோப்பையோடு வந்தாள். கையிலும் கழுத்திலும் நீலமும் மஞ்சளுமாக அடிகாயம். "மேக்கப்பைப் பாருங்கோ, அச்சொட்டாக் கிடக்கு," என்று பின்வரிசையில் ஒரு பெண் சொன்னாள். துஷாந்தன் கோப்பையைத் தட்டி விழுத்தினான். இடுப்புப் பட்டியை உருவினான்.

முதல் அடிக்கு வதனி "ஐயோ" என்று கத்தினாள். இரண்டாவது அடிக்கும் கத்தினாள். எழுதிவைத்த கத்தல். மூன்றாவது அடி தோளில் விழுந்தது. சத்தம் வரவில்லை. நாலாவது அடி முதுகில். அதற்கும் சத்தமில்லை.

அருமைநாதர் கதிரையின் நுனிக்கு வந்தார். வதனிக்கு ஆறு வயதாக இருக்கும்போது, பனிக்குளிரில் அவர் பார்க்காமல் கார்க் கதவைச் சாத்த, அவள் விரல்கள் அதற்குள் அகப்பட்டுவிட்டன. வாய் திறக்கவில்லை பிள்ளை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கதவைப் பார்க்காமல், தகப்பன் எங்கே என்று மட்டும் பார்த்தாள். பொய்க்கு அழும்போது தெருவே கூடும். மெய்யாக நொந்தால் மூச்சுக் காட்டமாட்டாள். இப்போது மேடையிலிருந்து, கண்ணை மறைக்கிற வெளிச்சத்துக்குள்ளால், அவள் அதே பார்வையோடு இருட்டுக்குள் அவரைத் தேடினாள்.

ஏன் முன்னுக்கு இருக்கச் சொன்னாள் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

ஐந்தாவது அடி. மண்டபம் எழும்பி நின்று கைதட்டியது.

அருமைநாதர் எழும்பினார். "இருங்கோ அண்ணை, இப்பதான் குடுக்கப்போறாங்கள்," என்று கிருபானந்தன் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தார். அதை உதறிவிட்டு மேடைப் படியை நோக்கி நடந்தார். வெளிச்சம் வந்தது. கிழவர் மேடைக்கு வருவதைச் சர்மிளா கண்டாள். இப்படியான விழாக்களில் யாரை எப்போது மேடைக்குக் கூப்பிடுவார்கள் என்று கூப்பிடப்படுகிறவருக்கே தெரியாது, அவளும் யோசிக்கவில்லை.

"பாருங்கள், தன் மருமகனின் நடிப்பில் உருகி மாமனாரே மேடைக்கு வருகிறார். திரு. அருமைநாதன் அவர்களே பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்."

யாரோ அவருடைய கையில் பொன்னாடையை வைத்தார்கள். துஷாந்தன் வியர்வை வழியச் சிரித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். இடுப்புப் பட்டி இன்னும் அவன் கையில் தொங்கியது. அருமைநாதர் அதன் நுனியைப் பிடித்துப் பார்த்தார். தோல். கனத்த பித்தளைக் கொளுக்கி.

"உது துணியிலை தைச்சதெண்டு சொன்னாங்கள்," என்றார்.

"மாமா, போட்டோ எடுக்கினம். சிரிச்சுக்கொண்டு போடுங்கோ," என்றான் அவன், பல்லைத் திறக்காமல்.

அவர் போட்டார். கழுத்தைச் சுற்றிப் போட்டு, இரண்டு நுனியையும் முறுக்கி, மூட்டை கட்டுகிற மாதிரி ஒரே இழுவையாக இழுத்தார். துஷாந்தனின் முகம் மைக்கில் மோதியது. மண்டபம் முழுக்க இடி விழுந்த மாதிரிச் சத்தம். முழங்காலில் விழுந்தவனின் முதுகில், அவன் கையிலிருந்து பறித்த அதே பட்டியால், கொளுக்கிப் பக்கமாக விளாசினார். கிழக் கைதான், ஆனால் பாரம் தூக்கிப் பழகிய கை. சேட்டுக் கிழிந்தது. தோலும் கிழிந்தது. முன்வரிசையில் இரண்டொருவர் இதுவும் காட்சிதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

துஷாந்தன் திரும்பிக் கிழவரின் வயிற்றில் உதைத்தான். அவர் மேசையோடு சேர்ந்து சரிந்தார். கட்டுப்பல் கழன்று உடைந்து உருண்டது. எழும்பியவன் அவரிடம் வரவில்லை. நேரே போய் வதனியின் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்தான். அவள் தலையை மேடை ஓரத்துப் பரிசு மேசை விளிம்பில் ஒருமுறை இடித்தான்.

"நீதானேடி சொல்லிக் குடுத்தனி. வீட்டை வா. இண்டைக்கு உன்னைக் கொல்லாமல் விடமாட்டன்."

விழுந்து கிடந்த மைக் அதை எல்லாருக்கும் கேட்க வைத்தது. அதற்குப் பிறகுதான் கைகள் நின்றன.

அருமைநாதர் தவழ்ந்து எழும்பினார். பரிசு மேசையில் சிறந்த நடிகருக்கான கேடயம் இருந்தது. மேலே கண்ணாடி, அடியில் கருங்கல். அதைத் தூக்கி, கல்லுப் பக்கத்தால், அவன் முகத்தின் நடுவில் இறக்கினார். மூக்கெலும்பு நொறுங்குகிற சத்தம் அவருக்குக் கையிலேயே தெரிந்தது. அவன் கூந்தலை விட்டான். இன்னொரு தரம் ஓங்கினார். நாலைந்து பேர் பாய்ந்து பிடித்ததால் அந்த அடி தோளில் பட்டது. பொன்னாடை இரத்தத்தில் ஊறிக் காலடியில் கிடந்தது. மண்டபத்துக் காவல்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை, நாடகம்தான் என்று இரவிச்சந்திரன் பிரெஞ்சில் சொல்லி அவரை அனுப்பினார்.

இரவிச்சந்திரனும் பேரின்பநாயகமும் இன்னும் சிலருமாக மூன்று பேரையும் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் கொண்டுபோய்க் கதவைப் பூட்டினார்கள். துஷாந்தன் ஒரு கதிரையில், மூக்கில் துவாயோடு. எதிரே வதனி, நெற்றி வீங்கி. அருமைநாதர் உட்காரவில்லை.

"பொலிஸ் வேண்டாம்," என்றார் இரவிச்சந்திரன். "பொலிஸ் வந்தால் முதல் விலங்கு உங்களுக்குத்தான் அய்யா. முந்நூறு பேர் பாத்தவை. எங்கடை ஆக்களுக்குள்ளை கதைச்சுத் தீர்ப்பம். வெளியிலை போனால் எல்லாருக்கும் வெக்கம்."

"கூப்பிடுங்கோ. நானும் வாறன், அவனும் வரட்டும்."

"கோவத்திலை கதைக்காதேங்கோ. அவன் நடிப்பிலை கொஞ்சம் அளவு மீறிப்போட்டான். பிள்ளையின்ரை உடம்பிலை கிடக்கிறது மேக்கப்."

அருமைநாதர் மேசையில் இருந்த ஈரத்தாளை எடுத்தார். வதனியின் கையைப் பிடித்து, முழங்கைக்கு மேலே இருந்த நீலத்தைத் துடைத்தார். போகவில்லை. அழுத்தித் துடைத்தார். அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். தாள் வெள்ளையாகவே இருந்தது. அவர் அதை இரவிச்சந்திரனின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"பாருங்கோ. இதுக்கும் ஒரு விருது குடுங்கோ."

மூலையில் பேரின்பநாயகம் தன் கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். இரவிச்சந்திரன் அவரைப் பார்த்த பார்வை அவருக்கு விளங்கியது. "நான் இதை எழுதமாட்டன்," என்றார் மெதுவாக. "குடும்ப விசயம்."

"எப்ப இருந்து பிள்ளை?" என்று அருமைநாதர் மகளைக் கேட்டார்.

"கலியாணம் முடிஞ்ச அடுத்த வருசத்திலை இருந்து." அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஆருக்கும் சொல்ல ஏலாமல் எழுதினன். மேடையிலை பாத்தாலாவது ஒரு ஆள் வந்து கேக்கும் எண்டு நினைச்சன். இவர் வாசிச்சிட்டு, தானே நடிக்கிறன் எண்டார். தான் நடிச்சால் ஒருத்தரும் நம்பமாட்டினம் எண்டு அவருக்குத் தெரியும். ஒக்டோபரிலை இருந்து மூண்டு மேடை. எல்லாரும் வந்து கை குடுத்திட்டுப் போச்சினம்."

அப்போது துஷாந்தன் அழத் தொடங்கினான். சும்மா அழுகை இல்லை. தோள் குலுங்க, குரல் உடைய, பார்க்கிறவரின் நெஞ்சு கரைகிற அழுகை. துவாயை எறிந்துவிட்டுத் தலையில் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டான். "நான் மனுசன் இல்லை," என்றான். கதிரையிலிருந்து வழுக்கி இறங்கி வதனியின் காலடிக்கு வந்தான். இரவிச்சந்திரனின் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களே அய்யா. திருந்திட்டான். இதுக்கு மேலை என்ன வேணும்? பிள்ளை, நீர் கூட்டிக்கொண்டு வீட்டை போம்."

அருமைநாதர் துஷாந்தனைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். இங்கேதான் எல்லாம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மூக்கை உடைக்க அவரால் முடியும். அவளை எழுப்பிக்கொண்டு போக முடியாது. அவளாக எழும்பவேண்டும். அவளுடைய கை மெல்ல அவன் தலைப்பக்கம் போவதைக் கண்டார்.

கை பாதியில் நின்றது.

"இது கடைசிக் காட்சி," என்றாள் வதனி. யாருக்கு என்றில்லாமல் சொன்னாள். "நான்தான் எழுதினனான். இவர் வீட்டிலை செய்யிறதைப் பாத்து எழுதினது. முதல் தலையிலை அடிப்பார். பேந்து காலிலை விழுவார். இப்ப 'என்ரை அம்மாவாணை இனித் தொடமாட்டன்' எண்டு சொல்லுவார்."

"என்ரை அம்மாவாணை," என்று ஏற்கெனவே வாயெடுத்திருந்த துஷாந்தன் நின்றுவிட்டான்.

அவன் தலையைத் தூக்கினான். கண்ணீர் கன்னத்தில்தான் இருந்தது, கண்ணில் இல்லை. அவள் காலைப் பிடித்திருந்த கை இறுகியது. வதனி மற்றக் காலால் அவன் நெஞ்சில் உதைத்துத் தள்ளினாள். பின்னாலிருந்த கதிரையோடு போய்ச் சுவரில் மோதினான். அவள் கொழுவியிலிருந்து தன் கோட்டை எடுத்தாள்.

"அப்பா, கார் எங்கை?"

வெளியே பனி உருகிச் சேறாகக் கிடந்தது. கிருபானந்தன் காரை வாசலுக்கே கொண்டுவந்திருந்தார். வதனி போனை எடுத்து, ஆங்கிலத்தில் பொலிசுக்கு நடந்ததைச் சொல்லத் தொடங்கினாள். பொலிசை அருமைநாதர் ஊரிலும் நம்பியதில்லை, இங்கேயும் நம்பியதில்லை. தன்னைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அவனை விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தார். இருந்தாலும் பேசட்டும் என்று விட்டார்.

இரவிச்சந்திரன் கோட்டுகூடப் போடாமல், சிறந்த நாடகத்துக்கான கேடயத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"பிள்ளை இதை விட்டிட்டுப் போகுது. அய்யா, ஒருக்கா நில்லுங்கோ. பிள்ளை வசனத்தை முதலே சொல்லிப்போட்டுது எண்டதாலை அழுகை பொய்யாகிப் போகுமே? அவன் உண்மையாத்தான் அழுதவன். நான் என்ரை கண்ணாலை பாத்தனான்."

"நீங்கள் கண்ணாலை பாத்துத்தானே அவனுக்குப் பரிசும் குடுத்தனீங்கள்," என்றார் அருமைநாதர்.

கேடயத்தை வாங்காமல், கிருபானந்தன் பொறுக்கித் தந்த உடைந்த கட்டுப்பல்லைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு, சேற்றுக்குள் நடந்தார். பின்னால் இரவிச்சந்திரன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அழுகையையும் நம்பவில்லை, அதற்கு உருகியவரையும் நம்பவில்லை. நாளைக்கு அவன் போன் எடுத்தால் மகள் திரும்பிப் போகமாட்டாள் என்பதையும் அவர் இன்னும் நம்பவில்லை.

வதனி பின் சீற்றில் ஏறினாள். கதவைச் சாத்துமுன் அவள் விரல்கள் உள்ளே இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்தார். இருந்தன. அதை நம்பாமல் இன்னொருதரமும் பார்த்துவிட்டுச் சாத்தினார்.