வெந்துதான் இருந்தது

கொண்டாட்டம் என்னவோ எனக்குத்தான். பதினெட்டு வருஷம் ஒரே ஆஸ்பத்திரிச் சமையலறையில் மேற்பார்வையாளராக நின்று கால் வீங்கியவளை, எங்கள் நிர்வாகத்தின் ஆறு சமையலறைகளுக்கும் தலைமைப் பரிசோதகராக ஆக்கியிருந்தார்கள். திங்கட்கிழமை புது வேலையில் சேர வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் என் மகள் எங்களை அந்த உணவகத்துக்கு அழைத்துப் போனாள். மேஜைமேல் விரிப்பு கிடையாது, பரிமாறுகிறவர்கள் ஜீன்ஸில் இருந்தார்கள், ஆனால் ஒவ்வொரு விளக்கையும் பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தார்கள். சாதாரணமாகத் தெரிவதற்கு இவ்வளவு மெனக்கெட்ட இடத்தை நான் பார்த்ததில்லை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு வேறு.

"அந்தப் பக்கம் பாக்காதே. இன்னிக்கு நீ லீவு," என்றார் என் வீட்டுக்காரர்.

நான் பார்க்கவில்லை. ஆனால் கோழி வந்தபோது கை சும்மா இருக்கவில்லை. அடுப்பிலிருந்து நேராக, சூடான இரும்புத் தட்டோடு வந்து இறங்கியது. கைப்பையைத் திறந்து என் குச்சியை எடுத்தேன். குச்சி என்றால் வெப்பமானி. விரல் நீள எஃகு ஊசி, அதன் தலையில் வட்டமாக ஒரு முள் மீட்டர். அதில்லாமல் நான் வெளியே கிளம்புவதில்லை.

"அம்மா, ப்ளீஸ்மா," என்றாள் மகள்.

கறியின் நடுவில் குத்தினேன். முள் அறுபத்தேழில் நின்றது. கோழிக்குக் குறைந்தது எழுபத்தைந்து டிகிரி வர வேண்டும்.

"வேகலை," என்றேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. இவ்வளவு பெரிய இடத்தில் தப்புக் கண்டுபிடித்துவிட்டேனே.

மேனேஜர் ஓடி வந்தார். குச்சியைக் காட்டினேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சமைத்தவரையே வரவழைத்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, வாசலில் தலையைக் குனிந்து, ஒரு உயரமான பெண் வந்தாள்.

நெட்டை. எங்கள் சமையலறையில் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். புகைபோக்கியில் இடித்து இடித்து அவள் நெற்றியில் ஒரு தழும்பே இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவளை வேலையை விட்டுத் தூக்கியது நான்தான்.

அப்போது சமைத்த ஒவ்வொரு கறிக்கும் சூடு பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அவள் எழுபத்தாறு என்று எழுதியிருந்தாள். என் குச்சி அறுபத்தெட்டு என்றது. மற்ற சமையல்காரர்கள் என் குச்சிக்குப் பயந்து கறியை ரப்பராகும்வரை வேகவைத்தார்கள். நோயாளிகள் மெல்ல முடியாமல் திட்டினார்கள். நெட்டை மட்டும், "உங்க குச்சியை ஒரு தடவை பாருங்க மேடம்," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மனுஷங்கதான் பொய் சொல்லுவாங்க, மீட்டர் சொல்லாது என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். 'பொய்க் கணக்கு எழுதினேன்' என்று அவளிடம் கையெழுத்து வாங்கித்தான் வெளியே அனுப்பினோம். எனக்குக் கிடைத்த பதவி உயர்வுக் கடிதத்தில்கூட, கண்டிப்பானவர் என்பதற்கு அந்தச் சம்பவத்தைத்தான் எடுத்துக்காட்டியிருந்தார்கள்.

நெட்டை கறியைப் பார்த்தாள். அப்புறம் என்னை. மேனேஜர் பக்கத்தில் நின்றார்.

"சாரி மேடம். மாத்தித் தரேன்," என்றாள்.

தட்டை எடுக்கக் குனிந்தபோது, எனக்கு மட்டும் கேட்கும்படி, "இன்னும் அதே குச்சிதானா?" என்றாள். குரலில் குத்தல்கூட இல்லை. போய்விட்டாள். மேனேஜரும் பின்னாலேயே போனார்.

"யாரும்மா அது?" என்றாள் மகள்.

"முன்னாடி என்கிட்ட வேலை பார்த்தவங்க."

"அடப் பாவமே! உன்கிட்ட தப்பிச்சு ஓடி வந்து, இங்கயும் உன்கிட்டயே மாட்டிக்கிட்டாங்களா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குச்சி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது சின்ன வேலை. ஐஸ் நிறைந்த தண்ணீரில் விட்டால் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். வாராவாரம் சமையல்காரர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி அதைச் செய்யவைப்பேன். என் குச்சியை மட்டும் நான் ஒருநாளும் ஐஸில் விட்டுப் பார்த்ததில்லை. ஒருமுறை அது தரையில் விழுந்து உருண்டது நினைவிருக்கிறது. கண்ணாடி உடையவில்லை, அதனால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அது நெட்டை போவதற்கு முன்னாலா, பின்னாலா என்று யோசித்தேன். முன்னால்தான்.

என் தண்ணீர் டம்ளர் நிறைய ஐஸ் மிதந்துகொண்டிருந்தது. குச்சியை விட்டேன். முள் இறங்கி, பூஜ்யத்தைத் தாண்டி, எட்டு கோடு கீழே போய் நின்றது. துடைத்து மறுபடி விட்டேன். அதே எட்டு. அறுபத்தேழும் எட்டும் எழுபத்தைந்து. அறுபத்தெட்டும் எட்டும் எழுபத்தாறு. அவள் நோட்டில் எழுதியது அதைத்தான்.

காது மடலெல்லாம் சுட்டது. எழுந்து எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. போகவில்லை. வாயைத் திறக்கவும் இல்லை. அதுதான் இன்னும் கேவலம்.

புதுக் கறி வந்தது. காய்ந்த கட்டை. அதையும் மென்றேன். பிறகு மேனேஜர், 'வாழ்த்துகள்' என்று எழுதிய கேக்கோடு வந்தார்.

"மேடத்துக்குப் பெரிய பதவின்னு பொண்ணு சொன்னாங்க. இது எங்க அன்பளிப்பு. அந்தம்மாவைப் பத்திக் கவலைப்படாதீங்க, நாளையிலேருந்து வர வேண்டாம்னு சொல்லிட்டோம்."

"கறி நல்லாதான் வெந்திருந்தது," என்றேன். "தப்பு என் மேல."

"உங்களுக்குப் பெரிய மனசு மேடம்."

"அம்மா எப்பவும் இப்படித்தான்," என்றாள் மகள் பெருமையாக. "முதல்ல கத்துவாங்க, அப்புறம் இளகிடுவாங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குச்சியை எல்லார் முன்னாலும் டம்ளரில் விட்டேன்.

"பாருங்க, எட்டு டிகிரி குறைச்சுக் காட்டுது. இளகறதுக்கு இதுல ஒண்ணும் இல்லை. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதை வச்சுத்தான் அவங்களைப் பொய்க்காரின்னு சொல்லி வேலையை விட்டு அனுப்பினேன். அன்னிக்கும் கறி வெந்துதான் இருந்தது. இன்னிக்கும் அதையே செஞ்சிருக்கேன்."

என் வீட்டுக்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. மேனேஜர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் நெட்டையோடு திரும்பி வந்தார். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தாள்.

"நீங்க வேலையில இருக்கலாம்மா. தப்பு எங்களுது," என்றார் அவளிடம்.

நெட்டை ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அங்க நான் கையெழுத்துப் போட்ட பேப்பர் மேடம்? அதைக் காட்டித்தான் வேற எந்த ஆஸ்பத்திரியிலயும் என்னைச் சேர்க்க மாட்டேங்கறாங்க."

"அது தப்புன்னு நானே நிர்வாகத்துக்கு எழுதறேன். சத்தியமா எழுதறேன்."

"எப்ப?"

"திங்கட்கிழமை."

"புதுப் பதவியில சேர்றதுக்கு முன்னாடியா, சேர்ந்ததுக்கு அப்புறமா?"

எழுதினால் பதவி என்ன ஆகும் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு, தெரிந்த விஷயம்தானே என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"முன்னாடி," என்று நான் சொன்னபோது என் மகள் மட்டும்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.