அப்பா படம்

அப்பாவுக்குப் பிடித்த படம் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் பிடித்ததில்லை. பேரைச் சொன்னாலே டீக்கடையில் சிரிப்பார்கள். அதனால் வீட்டில் நாங்கள் அதன் பேரையே சொல்வதில்லை. 'அப்பா படம்' என்போம், அவ்வளவுதான். எப்போதாவது மத்தியானத்தில் டிவியில் போடுவார்கள். "அப்பா, ஒம் படம் ஓடுது" என்று செம்மொழி அக்கா கொல்லைப்பக்கம் பார்த்துக் குரல் கொடுப்பாள். அப்பா வயலிலிருந்து வந்த காலோடு நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொள்வார். சேறு உள்ளே வரக் கூடாது, படமும் போய்விடக் கூடாது.

பெரிய நடிகரின் படம்தான். திருத்துறைப்பூண்டியில் அது வந்த அன்று கட்அவுட்டுக்குப் பாலெல்லாம் ஊற்றினார்களாம். உள்ளே போனால் அந்த நடிகர் யாரையும் அடிக்கவில்லை. ஒரு துண்டு நிலத்துக்காகக் கேஸ் நடத்துகிறார், பஸ்ஸுக்காக நிற்கிறார், வக்கீலுக்காக நிற்கிறார், கடைசியில் கேஸில் தோற்றுப்போகிறார். இடைவேளைக்கு அப்புறமாவது அரிவாளை எடுப்பார் என்று காத்திருந்தவர்கள் சீட்டைக் கிழித்துவிட்டுப் போனார்கள். ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் அந்த வாரத்துக்குள் போய்ப் பார்த்தவர்கள். திரும்பி வந்து, நல்ல படம் என்று அப்பா டீக்கடையில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பிடித்தது கேலி. ஒவ்வொரு தீபாவளிக்கும், "என்ன தங்கையா, ஒம் படம் வெள்ளி விழாவாமே?" என்று எவனாவது கேட்பான். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே சிரிப்பார்.

அம்மாவும் அவர் பக்கம் இல்லை. அவள் பாதிப் படத்திலேயே தூங்கிவிட்டாள் என்று அப்பாவே சொல்வார். நானும் முழுசாகப் பார்த்தது கிடையாது. பத்தாவது படிக்கும்போது ஒருநாள், அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று அவரிடமே கேட்டேன்.

"மத்த படத்துலல்லாம் ஜெயிச்சுட்டு வர்றான். இதுல தோத்துட்டு வீட்டுக்கு வந்து சோறு திங்கிறான் பாரு," என்றார். "அது யாருக்குடா வரும்?"

அந்த வருஷம் கஜா புயலில் எங்கள் தென்னையெல்லாம் விழுந்திருந்தது. அவர் சொன்னதை நான் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் தை மாதம் அறுவடை மிஷின் வயலில் நிற்கும்போதே அப்பா வரப்பில் உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். நான் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தேன். வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கக் கொடுத்து, புதியது கைக்கு வராத நேரம். வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியுமா என்று கேட்டேன். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அக்கா வீடியோ போட்டுப் போனைத் தூக்கிப் பிடிக்க, தெரு முனை வரை அப்பாவோடு போனேன். அதற்கப்புறம் பெண்கள் போகக் கூடாது. பக்கிரி சித்தப்பா போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மிச்ச வழியெல்லாம் எனக்குக் கறுப்பாகவும் பறைச் சத்தமாகவும் இருந்தது.

எங்கள் பக்கத்தில் காரியத்துக்கு முதல் நாள் சாயங்காலம் தெருவில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுவார்கள். வெளியூர்ச் சனம் வந்து தங்கும். விடிய விடிய விழித்திருக்க வேண்டும், அதற்காக. செத்தவருக்குப் பிடித்த நடிகரின் படம் ஒன்றாவது இருக்கும். அப்பா காரியத்துக்கு எல்லா ஏற்பாடும் பக்கிரி சித்தப்பாதான், அவருடைய தம்பி. என்ன படம் போடப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். ஊரே விசிலடிக்கும் படமாகத்தான் இருக்கும்.

நான் கொள்ளி வைக்கவில்லை. பால் தெளிக்கவில்லை. இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்பாவுடைய படத்தை அவர் தெருவில் ஒருமுறை, முழுசாக, யாரும் சேனலை மாற்றாமல் ஓடவிட வேண்டும்.

சித்தப்பாவுக்குக் காது மந்தம். வாய்ஸ் அனுப்பினால் கேட்காது, எழுத்தாக வந்தால் படித்துக்கொள்வார். எனக்கோ வேலைக்கு நடுவில் கையெல்லாம் கிரீஸ். ஒற்றை விரலால் மைக்கை அமுக்கிவிட்டுப் பேசினால் போன் தானே எழுதிக்கொள்ளும். சாப்பாட்டு நேரத்தில் கண்டெய்னர் நிழலில் நின்று பேசினேன். 'சித்தப்பா காரியத்துக்கு அப்பா படத்தையே போடுங்க வேற எதுவும் வேணாம் பாக்குறவங்க சிரிச்சாலும் பரவாயில்ல அப்பாவுக்குப் பிடிச்சது அதுதான்' என்று வந்தது. ஒரு எழுத்தும் தப்பில்லை. அனுப்பும் முன் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். தப்பாக ஏதாவது போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

சாயங்காலம் பதில் வந்திருந்தது. 'சரி தம்பி அப்படியே செஞ்சிடுவோம் கவலைப்படாத.'

அறையில் என்னோடு இருக்கும் ஜாஃபர் சாதிக் முத்துப்பேட்டைக்காரர். என்ன படம் என்று கேட்டார், சொன்னேன். "அதுவா? எங்க மாமா அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனாருன்னு எங்க அத்தா அவர்கிட்ட ஒரு வருஷம் பேசலய்யா," என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காரியத்துக்கான இரண்டு நாளும் தன் ஷிப்ட்டை எனக்கு மாற்றிக் கொடுத்தார்.

முதல் நாள் சாயங்காலம் அக்கா வீடியோவில் வந்தாள். தெரு தெரிந்தது, பந்தல் தெரிந்தது, திரை தெரிந்தது. திரையில் இன்னொரு நடிகர் ஜீப்பிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். அப்பா படம் அடுத்ததாக வரும் போல என்று நினைத்தேன். சித்தப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, அப்பா படம் எப்போது என்று கத்திக் கேட்டேன்.

"காலையிலதானப்பா," என்றார் அவர். "எல்லாம் ரெடியா இருக்கு. நீ தூங்கு."

காலையில் வெயிலில் திரையில் என்ன தெரியும்? வீட்டுக்குள் டிவியில் போடுவார்களோ? கேட்பதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி கூப்பிட்டு, காரிய வீட்டில் அவரைத் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வரவில்லை.

காலையில் அக்கா மறுபடி வீடியோவில் வந்தாள். ஆற்றங்கரைச் சடங்கு முடிந்து எல்லோரும் பந்தலுக்கு வந்தார்கள். நாற்காலி மேல் சட்டம் போட்ட ஒன்று, வெள்ளைத் துணியால் மூடியிருந்தது. விவசாயச் சங்கத்துத் தோழர் ஒருவர் மைக்கைப் பிடித்து, தங்கையன் அவர்களின் படத்தை இப்போது திறந்து வைக்கிறோம் என்றார். அந்த வார்த்தை காதில் விழுந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. படத்திறப்பு. சித்தப்பா படித்த படம் வேறு.

துணியை இழுத்தார்கள். அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

அது திருக்கடையூரில் எடுத்தது. நான் பணம் அனுப்பி, அக்கா பிடிவாதம் பிடித்து, அறுபதாம் கல்யாணம் செய்து வைத்தோமே, அன்று. கலசத் தண்ணீரைத் தலையில் ஊற்றும்போது அப்பா மூச்சு முட்டிக் கண்ணை மூடிவிட்டார். வாய் கோணியிருக்கும், பக்கத்தில் அம்மா அவரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பாள். பார்த்தவர்களெல்லாம் கேலி செய்த படம் அது. அப்பா அதைத்தான் தன் போனில் முகப்பில் வைத்திருந்தார்.

சித்தப்பா நான் அனுப்பியதைப் படித்துவிட்டு அக்காவிடம், "எல்லாரும் சிரிப்பாங்களே, அண்ணனுக்குப் பிடிச்ச போட்டோ, அது எது?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். அவளும் வேலை மும்முரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். உயிரோடு இருப்பவர் அதில் இருக்கக் கூடாதென்று ஸ்டூடியோவில் அம்மாவை வெட்டிவிட்டார்கள். ஓரத்தில் அவளுடைய பட்டுச்சேலைக் கரை மட்டும் விரல் அகலத்துக்கு மிஞ்சியிருந்தது. அம்மா இல்லாமல் அந்த முகத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை. எதையோ தாங்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டவர் மாதிரி இருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். பெரிய மாமாதான் முதலில் பேசினார்.

"கண்ண மூடுன படத்தயா வைப்பாங்க? அறிவு வேணாம்?"

"அவன் அங்கேருந்து சொல்லிட்டான் மாமா," என்றார் சித்தப்பா. "சிரிச்சாலும் பரவாயில்ல, இதான் வேணும்னான். புள்ள சொல்லும்போது நான் என்ன பண்றது?"

அக்கா போனைத் தாழ்த்திவிட்டாள். மணல் தெரிந்தது, செருப்புகள் தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "இருக்கட்டும். மாலையப் போடுங்க."

சித்தப்பாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அண்ணன் பிள்ளை கேட்டான் என்று நாலு பேர் முன்னால் திட்டு வாங்கியவரிடம், நீங்கள் புரிந்துகொண்டதே தப்பு என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அக்கா திருவாரூருக்குத் தன் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் அம்மா மட்டும். நான் கேட்டது சினிமாப் படம் என்று அவளிடம் சொன்னேன்.

"அந்த அழுமூஞ்சிப் படமா?" என்றாள்.

"ம்."

"பக்கிரிக்கு அது எப்படித் தெரியும். நம்ம வூட்டுப் பேச்சுல்ல அது." அப்புறம், "இப்பப் போடு. நீ அங்க போடு, நான் இங்க போன்லயே பாக்குறேன்," என்றாள்.

யூடியூபில் யாரோ டிவியிலிருந்து பிடித்து ஏற்றியிருந்தார்கள். என் லேப்டாப்பில் ஓடவிட்டு போனை அதற்கு நேராகச் சாய்த்து வைத்தேன். பஸ்ஸுக்காக நின்றார்கள், வக்கீலுக்காக நின்றார்கள். அம்மா நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கும் சேனலை மாற்றத் தோன்றவில்லை. ஜட்ஜ் தீர்ப்பைப் படித்தார். அந்த மனுஷன் கோர்ட் படியில் இறங்கினார், செருப்பைத் தேடினார். அதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏற்றவில்லை. கீழே ஒருவன், நல்லவேளை இதோடு விட்டான் என்று எழுதியிருந்தான்.

வேறு எங்கேயும் அந்தப் படம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அப்பாவின் சிடி எப்போதோ கீறல் விழுந்து போய்விட்டது. அவர் சொன்ன அந்தச் சோறு தின்கிற இடத்தை நான் இனிமேல் பார்க்கவே முடியாது என்று நினைத்தபோது, சாவுக்கு வராத அழுகை அப்போது வந்தது.

"அழுவாத தம்பி," என்றாள் அம்மா. "அன்னிக்குப் போட்டிருந்தா, தெருவுல பாதியில நின்னிருக்கும். இன்னும்ல சிரிச்சிருப்பானுவ." அப்புறம், "கடைசி எனக்குத் தெரியும்," என்றாள்.

"நீதான் தூங்கிட்டியேம்மா."

"தூங்கலடா. கண்ணத்தான் மூடிக்கிட்டேன். அந்த வருஷம் நமக்கு நெல்லு பூரா தண்ணியில போச்சு. நீ கைப்புள்ள. படத்துல அந்தாளு தலையக் குனிஞ்சுக்கிட்டு வர்றான், பக்கத்துல உங்கப்பா உக்காந்துருக்காரு. எங்கேருந்து பாக்குறது? தூங்கிட்டேன்னு நெனச்சாரு. நானும் சொல்லிக்கல."

"அப்படின்னா என்னதான் ஆச்சு கடைசியில?"

"பாக்கல. கேட்டதுதான். செருப்ப விடுற சத்தம் கேட்டுச்சு. தட்டு வைக்கிற சத்தம், தண்ணி ஊத்துற சத்தம். ரெண்டு பேரும் பேசல. அவன் திங்கிறான். அப்பறம் அவ, இன்னுங் கொஞ்சம் போடவான்னு கேப்பா. அவன் போடுன்னுவான். அவ்வளவுதான். வெளிச்சம் போட்டுட்டாங்க, எல்லாரும் கத்திக்கிட்டே போறாங்க. உங்கப்பா மட்டும் எழுந்திரிக்கல."

காரியத்துக்குப் பிறகு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒரு கரண்டியோடு தட்டைத் தள்ளிவிடுகிறாள் என்று அக்கா சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. சாப்பிட்டாயா என்றேன். இனிமேல்தான் என்றாள். போனை வைக்காமல் அப்படியே சாப்பிடச் சொன்னேன்.

போனைத் தரையில் வைத்திருப்பாள் போல. மேலே மின்விசிறி மட்டும் தெரிந்தது. தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. தட்டை நகர்த்துகிற சத்தம் வந்தது.

"இன்னுங் கொஞ்சம் போடவாம்மா?" என்று கேட்டேன்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"போடு," என்றாள்.