காவல்காரன் வருகிற கட்டம்

கனகசுந்தரத்தின் வீடியோக் கடைக்குப் பகிடிப் படம் ஒன்று வந்தால், முதலில் நிக்கலசைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவது வழக்கம். துறைமுக ஜெட்டியில் கோதுமை மா மூடை சுமக்கிற மனிசன். லேசில் சிரிக்கமாட்டார். அவர் சிரித்த படத்தைத் துறைமுகத்துச் சனம் சண்டை பிடித்து எடுத்துக்கொண்டு போகும். அவர் கொட்டாவி விட்ட படம் தூசி பிடித்துக் கிடக்கும்.

இந்த முறை போட்டது ஊர்ப் படம். கலியாண வீடு பிடிக்கிற கமெராவால் கனகசுந்தரமே உட்துறைமுக வீதிப் பொடியன்களை வைத்துப் பிடித்தது. அதிலே நிக்கலசின் மகன் ஹெக்டரும் நடித்திருந்தான். படம் முடிந்த கையோடு வந்த சுற்றிவளைப்பில் அவனை ஆமிக்காரர் கொண்டு போய்விட்டார்கள். முகாமில்தான் இருக்கிறான், சனிக்கிழமை விடக்கூடும் என்று பங்குச் சுவாமியார் போய்க் கதைத்துவிட்டு வந்து சொன்னார். விடக்கூடும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிக்கலசும் மனிசி எல்சியும் சோறு தின்றார்கள்.

அன்றைக்கு எல்சியும் கூட வந்தாள். அவளுக்குப் படம் எதற்கு? பிள்ளையைப் பார்க்க வந்தாள்.

கனகசுந்தரம் இரண்டு கதிரையைப் போட்டு, கதவைச் சாத்தி, கசெற்றை டெக்குக்குள் தள்ளினான்.

“அண்ணை, மூதூர், தோப்பூர், குச்சவெளிக் கடையெல்லாம் கேட்டுக்கொண்டு நிக்கிறாங்கள். கசெற் அட்டையும் அடிச்சாச்சு. பார்த்து ஒரு சொல் சொல்லுங்கோ.”

கஞ்சன் ஒருவன் தன் கிணற்றுக்குக் காவல் போடுகிற கதை. நிக்கலஸ் மரக்கட்டை மாதிரி இருந்து பார்த்தார்.

“சத்தம் அடைக்குது,” என்றார். பிறகு, “இடுப்பில சாரம் அவிழுகிற பகிடி சரிவராது தம்பி. எத்தனை பேர் அவிழ்த்தாச்சு.”

“சிரிக்கிறதுக்கு வரி இல்லை அண்ணை.”

அப்போதுதான் காவல்காரன் வந்தான். கூட்டுகிற தும்புத்தடியைத் தோளிலே சாத்திக்கொண்டு ஹெக்டர். தண்ணீர்க் கானோடு சைக்கிளில் வந்தவனை மறித்தான். தலையைச் சரித்தான். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு சைக்கிள் மணியை இரண்டு தரம் அடித்தான். மணிக்குக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு நாடியை மேலே ஒரு வெட்டு வெட்டி, போ என்றான்.

நிக்கலஸ் சிரித்துவிட்டார். வயிறு குலுங்கி, தோள் குலுங்கி, கதிரையும் குலுங்கியது. மகனைக் கொண்டு போனதற்குப் பிறகு அந்த வாயில் சிரிப்பு வந்ததில்லை. வந்த சிரிப்பு, கயிறறுந்த மூடை மாதிரி நடுவிலே விழுந்தது.

“நிப்பாட்டு.”

கனகசுந்தரம் நிப்பாட்டினான்.

“அது ஆரெண்டு தெரியுதோ?”

“காவல்காரன் அண்ணை. கையில தும்புத்தடி. சட்டைகூட எல்சி அக்கா தைச்சுக் குடுத்த சட்டை.”

“விசர்க்கதை கதையாத. சந்திச் சென்றியில துவக்கோட நிக்கிற ஆமிக்காரன். ஒவ்வொரு நாளும் என்ர சைக்கிள் மணியை அப்பிடித்தான் அடிக்கிறான்.”

கனகசுந்தரம் நிலத்தைப் பார்த்தான். “எனக்கும் பட்டது. எனக்கு மட்டும்தான் அப்பிடித் தெரியுதோ எண்டு பார்க்கத்தான் உங்களைக் கூப்பிட்டனான்.”

“அந்த வழியால போற சனம் முழுக்கக் கண்டுபிடிக்கும். பிறகு சென்றிக்காரனைக் கண்டு சிரிக்கும். அவனும் ஏன் எண்டு விசாரிப்பான். என்ர பிள்ளை உள்ளுக்க கிடக்கிறான் தம்பி.”

“இதை எடுத்தால் படத்தில ஒண்டுமில்லை அண்ணை.”

“ஓம். ஒண்டுமில்லை.”

பொடியன் சுமாராக நடித்திருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. அவ்வளவு நல்லாகச் செய்து வைத்திருக்கிறான், பாவி.

“வேற கசெற்றில ஏத்தி ஒளிச்சு வைக்கவோ அக்கா?” என்று கனகசுந்தரம் எல்சியைக் கேட்டான். முதலில் பிடித்த கசெற்றில் இப்போது வேறு ஆட்களின் பிறந்தநாள் ஏறியிருந்தது. ஹெக்டர் இருந்தது இந்த ஒன்றில்தான்.

“எங்க ஒளிக்கிறது?” என்றார் நிக்கலஸ். “அடுத்த வீட்டுக் குணமணியின்ர அலுமாரிக்குள்ள கிடந்த கசெற் முழுக்க ஆமிக்காரர் அள்ளிக்கொண்டு போனவங்கள். போட்டுப் பார்த்தவங்களாம்.”

எல்சி எழும்பி ரீவிக்குக் கிட்டப் போனாள். “சத்தத்தைக் குறைச்சு ஒருக்காப் போடுங்கோ.”

போட்டான். பிள்ளை சத்தமில்லாமல் மணி அடித்தான், காது கொடுத்தான், நாடியை வெட்டினான். எல்சி கண் வெட்டாமல் பார்த்தாள்.

“பார்த்தது காணும். அழியுங்கோ,” என்றாள். “படம் வேண்டாம். பிள்ளை வேணும்.”

கனகசுந்தரம் மற்ற டெக்கில் ஒரு கலியாணக் கசெற்றைப் போட்டு, அதை இதன் மேல் ஏற்றினான். ஹெக்டர் நின்ற இடத்தில் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும் கேக் வெட்டினார்கள். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு படம் பழையபடி ஓடத் தொடங்கியது. கிணற்றடியில் நின்ற சனம் வாளியைப் போட்டுவிட்டு, ஆளை ஆள் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தது. காவல்காரன் இல்லாமல் அங்கே சிரிக்கிறதற்கு ஒன்றும் இல்லை.

“தம்பி, அந்தச் சிரிப்பையும் அழியுங்கோ,” என்றாள் எல்சி. “எதுக்குச் சிரிச்சவங்கள் எண்டு கேப்பாங்கள்.”

நிக்கலஸ் தலையை ஆட்டினார். கனகசுந்தரம் கலியாணக் கசெற்றைத் திரும்பவும் சுற்றவிட்டான்.