சுடலைமுத்துவின் குவார்ட்டர்

1

இந்தக் கதை பர்லியாறில் பஸ் நின்றபோது கிடைத்தது. முன்சீட்டுப் பெண் செல்போனில் கத்தினாள்: "சித்தப்பா, தம்பிக்கு நோய்தானாமுங்க! பரம்பரை நோயாமுங்க!" பிள்ளை பிறந்த சேதி சொல்வதுபோல அப்படியொரு சந்தோஷம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய்க்குப் போய் யாராவது சிரிப்பார்களா?

அவளுக்கு இசக்கியம்மா என்று பேர் வைத்தேன். மற்றதெல்லாம் என் புளுகு.

2

'தேயிலைச் சரிவில் பனி மெல்ல மெல்ல...' சீ, வேண்டாம்! பனி எங்கே ஓடிப்போகப் போகிறது?

இசக்கியம்மா குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அப்பா சுடலைமுத்து நாற்பது வயதில் தள்ளாட ஆரம்பித்தார், நாக்கும் குழறியது. எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் குடிகாரன் என்று பேர். அவர் செத்தும் அந்தப் பேர் விடவில்லை. வருஷாவருஷம் படையலில் இலையோரம் ஒரு குவார்ட்டர் பிராந்தி. (செத்தவருக்குப் பிடித்ததைத்தானே வைக்க வேண்டும்!)

இப்போது தம்பி ஆறுமுகசாமியும் தள்ளாடுகிறான். அவன் பீரைக்கூடத் தொடாதவன் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் கோயம்புத்தூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

3

டாக்டரம்மாவை முதலில் சிடுமூஞ்சியாக எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். தங்கமான மனுஷி. தரையில் டைல்ஸ் கோட்டின் மேல் ஆறுமுகசாமியை நடக்கவிட்டார், குதிகாலை மறுகால் விரலோடு ஒட்டி வைத்து. நாலடியில் சாய்ந்தான். சில வாரம் கழித்து வந்த ரத்தப் பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது.

"உடம்பை நேரா நிறுத்துற சிறுமூளை தேயுதும்மா. குணமாக்க மருந்தில்ல. பயிற்சி செஞ்சா ரொம்ப நாள் நடக்கலாம். அப்பாவுக்கும் இதேதான் இருந்திருக்கணும்."

"அப்ப எங்கப்பா குடிக்கலீங்களா?"

"குடிக்காமலே இப்படித்தாம்மா நடப்பாங்க. உங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. யோசிச்சுட்டு ரத்தம் குடுங்க."

பின்பாதி அவள் காதில் விழுந்தது. மனசில் ஏறவில்லை.

4

அன்றைக்கே அப்பாவின் படையல். (ஆமாம், என் வசதிக்குத்தான். போகட்டும் விடுங்கள்.)

வீட்டுக்குள் பாய்ந்தவள் குவார்ட்டரை எடுத்துச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

"ஏ புள்ள! அண்ணனுக்குப் புடிச்சதை..." என்று சித்தப்பா பதறினார்.

"எங்கப்பாவுக்குப் புடிச்சது வர்க்கிங்க! டீயில தோச்சுத் திங்கிற வர்க்கி!" சிரித்தாள், அப்படியே அழுதாள். ஆறுமுகசாமி ஆடும் கையால் இலையில் வர்க்கியை வைத்தான். ரொம்ப நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வைத்துவிட்டு நிமிர்ந்தான். "அக்கா, உனக்கும் இருக்குமா?"

5

அவளுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு முடிவு எழுதினேன். இனாமாகக் கொடுத்ததுபோல இருந்தது. இருக்கிறது என்று இன்னொன்று... மனசு வரவில்லை, கிழித்துவிட்டேன்.

"உன்னை நடக்க வுட்டாங்கள்ல? நானும் நடக்கறேன், பாரு!" என்று அவள் வாசலுக்கு ஓடினாள். சாக்கடை ஓரக் கட்டின் மேல் ஏறினாள். குதிகாலை விரலோடு ஒட்டினாள். (இனிமேல் வருமா என்பது இதில் தெரியாது, ரத்தத்தில்தான் தெரியும். அவளுக்கும் அது தெரியும்.)

நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே உங்கள் பக்கம்தான் வருகிறாள். எதற்கும் கையை நீட்டி வையுங்கள்.