அறிவிப்புக் குரல்

காலையிலேயே வந்து செக்யூரிட்டி அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள் காந்திமதி. வெயில் ஏற ஏற ஒரகடம் ரோட்டுப் புழுதியெல்லாம் அவள் சுடிதாரில்தான் வந்து குடியேறியது. ஹாஸ்டல் மெஸ்ஸில் காய் நறுக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஒரு நாள் கூலி போச்சு, போய்த் தொலையட்டும்.

நேற்று எச்.ஆர். நிர்மல் சாரே போன் செய்திருந்தார். கம்பெனியில் புது ஸ்பீக்கர் பெட்டி மாட்டியிருக்கிறார்களாம். பழைய அறிவிப்பு ஃபைல் ஒன்றுகூட அதில் பாடமாட்டேன் என்கிறதாம். "நீதானே பேசியிருந்த? வந்து திரும்பப் பேசிக் குடும்மா" என்றார்.

இதே கம்பெனியில் வயர் கட்டும் லைனில் ட்ரெயினியாக இருந்தபோது, தமிழைத் தெளிவாக வாசிக்கிறாள் என்று அவளை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போனார்கள். சத்தம் வராமலிருக்கச் சாக்குப்படுதா தொங்கவிட்டு, அறிவிப்புகளை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார்கள். ட்ரெயினிங் முடிந்ததும் பெர்மனென்ட் என்றார்கள். முடிந்த அன்றைக்கு ஐ.டி. கார்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, அவள் இடத்தில் புது ட்ரெயினியை உட்கார வைத்தார்கள். பாவிகள்.

ஆனாலும் ஆசை விடுகிறதா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். 'பேசித் தாரேன் சார். என்னைய லைன்ல திரும்ப எடுத்துக்கிடுங்க.'

"அண்ணே, சார் கூப்பிடுதாரா?" என்று மறுபடியும் கேட்டாள்.

"மீட்டிங்ல கீறாரும்மா. கூப்புடுவாரு, இரு" என்றார் செக்யூரிட்டி தாவீது.

மத்தியானம் போல அறைக்குள் போன் அடித்தது. "சரி சார், சரி சார்" என்று வைத்துவிட்டு வெளியே வந்த தாவீது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"போவச் சொல்றாரும்மா. யாரோ கம்ப்யூட்டர் ஆளு அந்தப் பழைய ஃபைலையே எம்பி3-யா மாத்திக் குடுத்துட்டானாம். புதுப் பெட்டில சூப்பரா பாடுதாம். நீ பேச வேணாமாம்."

"சாரை ஒரு நிமிசம் பாத்துட்டுப் போயிருதேன் அண்ணே. வேலை விசயமா..."

"அதான் உன் கொரலு அவங்ககிட்டயே கீதே. அப்புறம் உன்ன இன்னாத்துக்குப் பாக்கப் போறாரு?" சொன்னபிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "டீ சாப்டுறியாம்மா?"

அவளுக்கு அழுகை வந்தது, இவர் முன்னால் அழ வேண்டாமென்று விழுங்கிக்கொண்டாள். "சார் வெளிய வருவாருல்லா, பாத்துட்டே போறேன்" என்று கேட்டுக்கு உட்புறம் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். தாவீது கேமராவை ஒரு பார்வை பார்த்தார். எழுந்திரு என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

ஷிஃப்ட் மாறும் நேரம். பஸ்கள் வரிசையாக வந்து நின்றன. கேட்டின் மேலிருந்த புது ஸ்பீக்கர், கொஞ்சமும் கரகரப்பில்லாமல், அவள் குரலிலேயே பேசியது.

"அடையாள அட்டை இல்லாதவர்கள் கேட் அருகே இருக்கக் கூடாது. தயவுசெய்து உடனே வெளியேறவும்."

பஸ்ஸிலிருந்து இறங்கிய ட்ரெயினிப் பெண்கள் கழுத்து அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள். காந்திமதி எழுந்து, சுடிதாரில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி ரோட்டுக்கு நடந்தாள்.