உள்முடி

"வால்கிட்ட விட்டுட்டியே. அங்கதான் உள்முடி அதிகம்."

கட்டிலில் சாய்ந்தபடி அக்கா சொன்னாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். பால்கனியில் நாய்க்குப் பின்னால் மண்டியிட்டிருந்த தம்பி, கை எட்டும் கடைசித் தூரத்திலிருந்து இரும்புச் சீப்பால் வாரினான். சாம்பல் நிற முடி பஞ்சு பஞ்சாக வந்தது. நாய் தலையைத் திருப்பியதும் சீப்பு நழுவி விழுந்தது.

"பதினாலு மாடி உசரத்துல தொங்குறவன்," அக்கா சிரிக்கப் போய் இருமினாள். "நாயப் பாத்து நடுங்குறான்."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழு வயதில் கெண்டைக்காலில் வாங்கிய கடி இன்னும் உள்ளே இருந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டிய அக்கா இந்த நாயோடு தனியாகவே வாழ்ந்தவள். நுரையீரல் கைவிட்ட பிறகு, மூன்று வாரமாக அவன்தான் உடனிருந்தான்.

காலையில் வந்த நர்ஸ், ஆக்சிஜன் இயந்திரத்தின் வடிகட்டியை உருவி அவன் முகத்துக்கு நேரே நீட்டியிருந்தாள். கம்பளி போல முடி அப்பியிருந்தது.

"இது அடைச்சா உள்ள காத்து போகாது சார். இவங்க அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டாங்க. நாய எங்கயாவது விட்டுடுங்க."

"அத அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிடு" என்றாள் அக்கா.

அதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரைமணிக்கொரு தரம் வடிகட்டியைப் பார்த்தான். ரப்பர் கையுறையால் மெத்தையை வழித்தான். வாக்குவம் கிளீனரை ஓட்டும்போது வேறொரு பயம்: அந்த இரைச்சலில் அக்காவின் மூச்சு கேட்காது. இருபதுவரை எண்ணுவான். நிறுத்துவான். காது கொடுப்பான். மூச்சு இருக்கும். மறுபடி ஓட்டுவான்.

மூன்று மணிக்கு அவள் உதடு நீலம் பாரித்தது. ஓடிப்போய் வடிகட்டியைப் பார்த்தான், சுத்தமாக இருந்தது. நர்ஸுக்குப் போன் செய்தான்.

"ஆஸ்பத்திரி வேண்டாம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க சார். நான் வர்றேன். நீங்க பக்கத்துலயே இருங்க."

பக்கத்தில் இருக்கத்தான் அவனால் முடியவில்லை. வாக்குவத்தைப் போட்டான். திரைச்சீலை, கட்டிலுக்கடி, ஏற்கெனவே துடைத்த மூலை. இரைச்சலுக்கு மிரண்ட நாய் பால்கனிக் கதவைப் பிறாண்டியது. எண்ண மறந்துவிட்டான். திரும்பியபோது அக்காவின் கை உயர்ந்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ.

நிறுத்தினான்.

"கூப்ட்டேன்டா."

"கேக்கலக்கா."

"போதும் கூட்டினது. அத உள்ள விடு."

"முடி கொட்டுமே..."

"கொட்டட்டும்." கொஞ்ச நேரம் மூச்சைத் தேடினாள். "பயமா இருக்குடா."

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை அவன் கேட்டதே இல்லை.

"எனக்கும்."

"நாயப் பாத்தா?"

அவன் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். நாய் கட்டிலில் முன்னங்கால்களை ஊன்றித் தலையை அவள் பக்கம் வைத்தது. அதன் கழுத்து முடிக்குள் அக்காவின் விரல்கள் அளைந்தன. பிறகு நின்றன. இயந்திரம் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நர்ஸ் வந்து அதை அணைத்தாள்.

"வடிகட்டி..." என்றான்.

"பாத்துட்டேன் சார். அதனால இல்ல."

"நான் சத்தத்துல..."

"அதனாலயும் இல்ல."

சாயங்காலம் வண்டி வந்தது. இரண்டு பேர் அக்காவைக் கீழே கொண்டுபோனார்கள். அவன் வாசலில் நாற்காலி போட்டு ஷூவை மாட்டினான். ஒரு கால் முடிந்து மறு ஷூவின் கயிற்றைக் கட்டக் குனியும்போது, நாய் வந்து அந்த ஷூவின் மேல் தாடையை வைத்துப் படுத்தது.

அவனுக்கு முதுகு வியர்த்தது. கீழே ஹார்ன் அடித்தார்கள். காலை இழுக்காமல், அவிழ்ந்த கயிற்றைக் கையில் பிடித்தபடி குனிந்தே இருந்தான்.

மறுபடியும் ஹார்ன் அடித்தார்கள்.